காப்பி சேர்த்தியில்லை

மாட்டுங்கா,
செப்டம்பர் 17, காலை ஆறேகால்.

சௌபாக்கியவதி ஹரிதாவுக்கு ராஜலக்ஷ்மி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

சௌபாக்கியவதி என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பாய். விவாகரத்து கேஸ் நடக்கிறது, இதில் சௌபாக்கியம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பாய். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதவும் போயிற்று. அதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய். எதிர்வீட்டு வேங்கடசுப்ரமணியன் போனிலிருந்து ஒருநாள் கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் வைப்பதற்கு முன்னால் நாலு வார்த்தை திட்டியும் இருப்பேன். அதனால்தான் இந்தக் காலத்தில் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது தெரியும். உன் அம்மாவிடம் கொடு. பத்மஜா வாய்விட்டு வாசிக்கட்டும், நீ கேள். இதில் இருப்பது உன் அம்மாவின் காதிலும் விழ வேண்டியதுதான்.

முதலில் அவசரமான விஷயம். அதற்குப் பிறகு கடிதத்தைக் கிழித்துப் போடுவதானாலும் போடு. நீ இன்னமும் அந்த நூற்றைம்பது மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்றால், நாளைக்கே ரத்தம் கொடுத்துப் பார். ரிப்போர்ட்டை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி அளவைச் சரி செய்துகொள். நீயாக நிறுத்தாதே, நீயாகக் குறைக்காதே. ஆனால் தள்ளிப் போடாதே. அந்த அளவு உனக்கு வேண்டிய அளவு இல்லை. அது என்னால் ஏறிய அளவு. எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

போன வாரம் என் பிள்ளை நகுல் உன்னைத் தாணே ஸ்டேஷனில் பார்த்தானாம். "நன்னா எளைச்சு ஸ்லிம்மா இருக்கா, ஜாலியா இருக்கா போலிருக்கு" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். படியேறி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாயாம். கூட்டத்தில் அப்படித்தான் இருக்கும் என்றான். அளவு மிஞ்சினால் உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று அதற்கு ரெண்டு நாள் முன்னால்தான் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தாள்.

இனி நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது உன் கைப்பையில் ஐம்பது மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை சீசா ஒன்று இருந்தது. கல்யாண் ஸ்டேஷன் பக்கத்தில் உங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே எழுந்து, தண்ணீரில் மாத்திரை போட்டுக்கொண்டு, குளித்து, ட்ரெயின் பிடித்து, ஆபீஸ் போனபிறகுதான் அரை டம்ளர் கட்டிங் சாய் குடிப்பாயாம். ரத்தம் சரியாக இருந்ததாம். இதையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே உன் அம்மா மறைக்காமல் சொன்னாள். நான்தான் பெரிய மனது பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, தைராய்டெல்லாம் ஒரு வியாதியா என்றேன்.

நீ உண்டானது தெரிந்து முதல் தடவை டாக்டரிடம் போனோம். டி.எஸ்.எச். என்கிற எண், மருந்து போதாவிட்டால் ஏறுவது, ஐந்தே முக்கால் இருந்தது. அவள் மராட்டிக்காரி, வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள், நமக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம். ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்கி, உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "கோலி ரெகுலர் லேதி ஹை நா?" என்று கேட்டாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று. கர்ப்பமானால் எல்லோருக்குமே மருந்து கூடுதலாகத் தேவைப்படுமாம், அது சகஜமாம். அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி மட்டும் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சந்தேகம் இல்லாமலா கேட்பாள் என்று வீடு வரும் வரை டாக்ஸியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து சீசா உன் அலமாரியிலிருந்து என் சமையலறைக்கு வந்துவிட்டது. ஃபில்டருக்குப் பக்கத்தில், டிகாக்ஷன் பாத்திரத்தை ஒட்டி வைத்தேன். நீ பல் தேய்த்துவிட்டு வந்ததும் ஒரு கையில் டாக்டர் ஐம்பதிலிருந்து எழுபத்தைந்தாக ஏற்றிய மாத்திரை, ஒரு கையில் காப்பி. என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நீ மெதுவாகச் சொன்னாய். "அம்மா, இதை வெறும் வயித்துலன்னா போட்டுக்கணும், ஒரு மணி நேரம் கழிச்சு காப்பி குடிக்கறேனே" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "வெறும் வயிறுதானேடி? காப்பி என்ன சாப்பாட்டுல சேர்த்தியா?" என்றேன்.

அதில் பொய்யில்லை ஹரிதா. நான் பிறந்த வீட்டிலும் சேர்த்தியில்லை, புகுந்த வீட்டிலும் சேர்த்தியில்லை. ஏகாதசிக்கு முழுப் பட்டினி, காப்பி உண்டு. தெவசத்தன்று எல்லாம் முடிகிற வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பார் உன் மாமனார், ஆனால் காலையில் காப்பி உண்டு. கோவிலுக்கு வெறும் வயிற்றோடு போகிறோம் என்றால் காப்பி குடித்துவிட்டுத்தான் போகிறோம். மாட்டுங்காவில் எந்த மாமியை வேண்டுமானாலும் எழுப்பிக் கேட்டுப் பார், இதைத்தான் சொல்வாள். வெறும் வயிறு என்றால் இட்லி உள்ளே போகாத வயிறு, அவ்வளவுதான்.

ஆனால் அது மட்டும் காரணம் என்று எழுதினால் பாதி பொய். நீ கேட்ட அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு மணி கழித்து நான் பூஜையில் இருப்பேன், நகுல் குளித்துக்கொண்டிருப்பான், யார் பார்க்கப் போகிறார்கள்? இன்னொன்றும் உண்டு. சாயா குடித்து வளர்ந்த பெண் என் காப்பியைக் காக்க வைக்கிறாளே என்ற ரோஷம். கல்யாண்காரிக்குக் காப்பியின் அருமை என்ன தெரியும் என்று உன் காதுபடவே சொன்னேன். நீ அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆறாத காப்பியில் மாத்திரையைப் போட்டு விழுங்கினாய்.

அடுத்த மாதம் ரிப்போர்ட் எட்டு. டாக்டர் நூறாக்கினாள். அதற்கடுத்த மாதம் பதினொன்று. நூற்றைம்பது ஆயிற்று. நாலாம் மாதம் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் எழுதிக் கொடுத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதான் எழுதியிருந்தாள். மத்தியானம் நீ ஆபீஸில் இருப்பாய், அங்கே நான் எப்படிப் பார்ப்பது? அதனால் மூன்றையும் ஒரு சின்னத் தட்டில் வைத்து, ஒரே தடவையாகக் காலைக் காப்பியோடு கொடுத்தேன். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பொடியாக ஒன்று. ஒரு நாள் தவறவில்லை. அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது. வேங்கடசுப்ரமணியன் சம்சாரத்திடம், என் நாட்டுப்பெண்ணுக்கு நான்தான் நர்ஸ் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

18, புதன். காலை.

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. இந்த இடத்தைத் தாண்டித்தான் மேலே போயாக வேண்டும்.

ஐந்தாம் மாதம் பிறந்து ஒன்பதாம் நாள் எல்லாம் போயிற்று. அதற்கு முதல் வாரம் உன் நைட்டியைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஒரு மாத்திரை விழுந்திருந்தது. பொடி மாத்திரை, வெள்ளை. நான் கூச்சல் போட்டேன். நீ அழுதுகொண்டே, அன்றைக்குக் குமட்டலாக இருந்தது, காப்பியோடு போட்டால் வந்துவிடும் போலிருந்தது, அப்புறம் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம் என்று பையில் வைத்தேன், மறந்துவிட்டேன் என்றாய். நான் நம்பவில்லை. நகுல் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன் ஹரிதா இப்படிப் பண்றே" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு மாத்திரையை நான் ஒரு காகிதத்தில் மடித்துப் பீரோவில் வைத்தேன். இன்றைக்கு அது நகுலுடைய வக்கீலின் ஃபைலில் இருக்கிறது.

அந்த மாத்திரை பையில் இருந்த அன்றுதான், யோசித்துப் பார்த்தால், உனக்குச் சரியான புத்தி வேலை செய்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா கல்யாணிலிருந்து ஓடி வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. அவளை உட்காரச் சொல்லவில்லை நான். உள்ளே நீ கேட்கிற தூரத்தில், வார்டு பாய் நின்று பார்க்க, "மாத்திரையை முழுங்காதவ கொழந்தையை முழுங்கிட்டா" என்றேன். பத்மஜா, நீங்கள் இதை வாசிக்கிறீர்களா? இதற்காகத்தான் உங்களை வாசிக்கச் சொன்னேன். உங்கள் காதில் நான் போட்டதை என் கையாலேயே எழுதி, உங்கள் வாயாலேயே நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், உங்கள் பெண் கேட்க வேண்டும். அந்த வாக்கியம் பொய். அவள் விழுங்கினாள். நான் கொடுத்ததையெல்லாம், கொடுத்த மாதிரியே விழுங்கினாள்.

நீ உன் அம்மா வீட்டுக்குப் போனபிறகு, மாசி மாதத்தில் எனக்குக் கால் வீங்கிற்று, முடி கொட்டிற்று, மத்தியானத்தில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனேன். ரத்தம் பார்த்தால் எனக்கும் தைராய்டு. அதே டாக்டர், அதே ஐம்பது மாத்திரை. வாங்கி வந்து அதே ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் எழுந்ததும் காப்பியோடு போட்டேன், ஒரு நாள் தவறாமல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இறங்க வேண்டியது இறங்கவில்லை, பதினொன்றில் நிற்கிறது. டாக்டர் தலையைத் தூக்கி, "ஆண்ட்டிஜி, கோலி ரெகுலர் லேதி ஹோ நா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறுபத்துமூன்று வயதில் என்னைப் பார்த்து மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறாயா என்று கேட்கிறாளே! வீட்டுக்கு வந்து உன் மாமனாரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "அவளையும் இதேதானே கேட்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஜூலை கடைசியில் மறுபடி டெஸ்ட். சர்க்கரைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றோடு இருங்கள் என்று லேபிலிருந்து போன் செய்தார்கள். ரத்தம் எடுக்க அக்தர் பானு என்று ஒருத்தி வந்தாள். தாராவியில் இருக்கிறாள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வயது இருக்கும், படியேறி வந்த மூச்சிரைப்போடு பெட்டியைத் திறந்துகொண்டே, வெறும் வயித்துலதான இருக்கிய என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காப்பி டம்ளரைக் கீழே வைத்திருந்தேன். நுரைகூட அடங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காப்பிய குடிச்சிட்டு வெறும் வயிறுன்னு சொல்லுதியளேம்மா" என்றாள். காப்பி சேர்த்தியில்லையே என்றேன் நான். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நாங்க நோம்பு வச்சா ஒரு சொட்டுத் தண்ணி தொண்டையில எறங்குனாலே போச்சு. ஒங்க வீட்டுல சேர்த்தி இல்லையோ என்னமோ, ரத்தத்துக்கு அது தெரியாதே" என்றாள்.

பிறகு மாத்திரை சீசாவைக் கையில் எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "தைராய்டு மாத்திரையுமா இதோட போடுதிய? பொறவு எப்படிம்மா அது ஒடம்புல ஏறும்? காப்பி அதப் பிடிச்சு வச்சுக்கிடும். பச்சத் தண்ணியில போட்டுட்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்கணும். கால்சியம், ரத்தத்துக்குக் குடுக்குத இரும்பு மாத்திர எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. கூடப் போட்டியன்னா போட்டதும் ஒண்ணு, போடாததும் ஒண்ணு" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். நாளைக்கு வருகிறேன், நாளைக்காவது காப்பி குடிக்காமல் இருங்கள் என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாத்திரை வைத்துக் கொடுத்த அந்தச் சின்னத் தட்டு எதிரே ஷெல்ஃபில் இருந்தது.

19, வியாழன். காலை.

அன்றைக்கே உனக்கு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவள் என்ன டாக்டரா, ரத்தம் எடுக்கிறவள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து மாத்திரையைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்பது, ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுப்பது, அதிலும் மாற்றம் இல்லையென்றால் அக்தர் பானு சொன்னது தப்பு, நான் செய்தது சரி என்று முடிவுகட்டினேன். ஆறு வாரமும் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? ரிப்போர்ட் மோசமாக வர வேண்டும் என்று. நல்லபடியாக வந்துவிடக் கூடாதே என்று பிள்ளையாரைக் கும்பிட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஆறு வாரமும் நீ கல்யாணில் நூற்றைம்பதை விழுங்கிக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்தர் பானு மறுநாள் வந்து எடுத்தபோதும் பதினொன்றாகவே இருந்தது, இப்போது மூன்றாகி வந்தது. அதே ஐம்பது மாத்திரைதான், ஒரு துளி கூட்டவில்லை. காப்பியை ஒரு மணி நேரம் தள்ளியது மட்டும்தான் வித்தியாசம்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். உன்னுடைய பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோனேன், அவற்றை நான் எறியவில்லை. காப்பியோடும் இரும்போடும் கால்சியத்தோடும் கொடுத்ததைச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். காப்பியும் பாலும் அந்தச் சத்து மாத்திரைகளும் மருந்தைக் குடலிலேயே மறித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வெறும் வயிற்றில் என்று எழுதியிருக்கிறேனே என்று சீட்டைத் திருப்பிக் காட்டினாள். எழுதித்தான் இருந்தது. குழந்தை போனது இதனால்தானா என்று கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது, எத்தனையோ காரணம் இருக்கலாம், இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்றாள். என்னைக் குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன்னை மட்டும் நான் அன்றைக்கு நிச்சயமாகச் சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை.

அப்போதுதான் அவள் உன்னைப் பற்றிக் கேட்டாள். நாட்டுப்பெண் இப்போது எவ்வளவு போடுகிறாள், எப்படிப் போடுகிறாள் என்று. தெரியாது என்றேன். அம்மா வீட்டில் தண்ணீரில் போட்டால் மருந்து முழுவதும் ரத்தத்தில் ஏறும், அதிலும் கர்ப்பம் இல்லாத உடம்புக்கு நூற்றைம்பது ரொம்ப அதிகமாக இருக்கலாம், இருதயத்துக்கு ஆபத்து, உடனே சோதிக்கச் சொல்லுங்கள் என்றாள். இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னதாக நகுல் முன்பே சொல்லியிருக்கிறான். மிதிக்க விடாமல் பண்ணியவள் நான்தான். ஆனால் இந்த ஒரு தடவை மிதித்துவிடு அம்மா.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உன் மாமனாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. சீசாவோடு வருகிற பொடி எழுத்துக் காகிதத்தை அந்த நாளிலேயே படித்தாராம். காப்பி, இரும்பு, கால்சியம் எல்லாம் அதில் போட்டிருந்ததாம். வைத்தீஸ்வரன் என்ற மனிதர் மளிகை சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவர், உனக்குத் தெரியும். அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். "உன்கிட்ட யார் சொல்றது?" என்றார். நான் எப்படிப்பட்டவள் என்பது உனக்குத் தெரியாதா?

20, வெள்ளி. காலை.

கேஸ் விஷயம். நீ வேண்டுமென்றே மருந்தைத் தவிர்த்துக் கர்ப்பத்தைக் கெடுத்தாய் என்று நகுலின் வக்கீல் எழுதியிருக்கிறார். அதற்கு நான் சாட்சி. தினமும் நானே மேற்பார்வை செய்தேன், ஆனாலும் அவள் ஒளித்தாள், அந்த மாத்திரையை நானே கண்டெடுத்தேன் என்று நாலு பக்கம் அஃபிடவிட் தயாராகி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரமாகக் கிடந்தது. பாந்த்ரா கோர்ட்டில் அடுத்த தேதி இந்த மாதம் முப்பதாம் தேதி.

நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை நடந்தபடி நானே தமிழில் எழுதினேன். தினமும் என் கையால் கொடுத்தேன், காப்பியோடு கொடுத்தேன், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தேன், அவள் ஒரு மணி நேரம் கேட்டும் நான் விடவில்லை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். உன் மாமனார் அதை இங்கிலீஷில் மாற்றி டைப் அடித்து, தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்காமலே அவர் செய்த காரியம் அது ஒன்றுதான். ரெண்டு காகிதமும் என்னுடைய ரெண்டு ரிப்போர்ட்டின் நகலும் இதோடு இருக்கின்றன. உன் வக்கீலிடம் கொடு.

நகுலிடம் ஒளிக்கவில்லை, சொல்லிவிட்டேன். "அம்மா, கேஸே போயிடும், என்னைப் பத்தி யோசிச்சியா?" என்றான். அவள் மேல் நாம் பொய் சொல்லியிருக்கிறோமேடா என்றேன். பொய்யில்லை, அப்போது நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே என்கிறான். தெரிந்த பிறகும் அதையே சொன்னால் அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. உன்னோடும் இப்படித்தான் பேசாமல் இருந்தான், அப்போது எனக்கு அது அழகாக இருந்தது.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட நான் இதை எழுதவில்லை. வராதே. எனக்கு ஒரு பெண் இருந்து அவளுக்கு இப்படி நடந்திருந்தால், நான் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் விடமாட்டேன். மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தத் தொல்லையும் உனக்கு எதற்கு?

இந்தக் கடிதத்தை நாலு காலையாக எழுதினேன். எந்த நேரத்தில் தெரியுமா? மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, காப்பிக்குக் காத்திருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில். பால் காய்ந்துவிடும், டிகாக்ஷன் இறங்கிவிடும், வீடு முழுக்க வாசனை வரும், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் கஷ்டமில்லை. யார் வேண்டுமானாலும் இருந்துவிடலாம். நீ என்னிடம் நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை, இந்த ஒரு மணி நேரத்தைத்தான் கேட்டாய்.

கடைசியில் தீர்க்கசுமங்கலியாக இரு என்று எழுதுவது வழக்கம். அந்த ஆசீர்வாதத்தில் என் பிள்ளையும் கூட வருவான். அதனால் எழுதவில்லை. நீ தீர்க்காயுசாக இரு. காலையில் வெறும் தண்ணீர், பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் வேண்டாம், யார் கையில் டம்ளரோடு வந்து நின்றாலும் வேண்டாம் என்று சொல்.

உள்ளே ஒரு போஸ்ட் கார்டு வைத்திருக்கிறேன். விலாசம் என் கையாலேயே எழுதிவிட்டேன். ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வந்ததும், அதில் இருக்கிற எண்ணை மட்டும் அந்தக் கார்டில் எழுதித் தபாலில் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம், உன் பெயர்கூட வேண்டாம். எண்ணைப் பார்த்தால் எனக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
ராஜலக்ஷ்மி